ஏலக்காய்க் கடையில் டிஸ்க் பங்கீடு

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் விஜயராஜ், பிரேம்சிங் சகோதரர்களிடம் ஜெனிக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். பில் போடுவது, மெஷினைத் துடைப்பது, அண்ணன் திட்டியதைத் தம்பிக்குச் சொல்லாமல் இருப்பது. இந்தச் சோலி போனால் மறுபடி விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் காய் பறிக்க வேண்டும். ஈரத்தில் குனிந்து குனிந்து அவள் இடுப்பு ஏற்கெனவே ஒருமுறை ராஜினாமா செய்திருந்தது.

புதுச் சர்வர் வந்தது. லினக்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பதென்று தாளில் கோடு போட்டுக் கொண்டுபோனாள். சிஸ்டத்துக்குக் கொஞ்சம்; அவரவர் ஃபைலுக்கு 'ஹோம்' என்று கொஞ்சம்; பில்லும் ஏலக் கணக்கும் வந்து சேரும் 'வார்' என்ற பகுதிக்கு நிறைய.

"பிரிக்கப் போறியா?" விஜயராஜ் நிமிர்ந்தார். அந்தக் குடும்பத்தில் அது சாதாரணச் சொல் இல்லை. பிரேம்சிங் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"மூத்தவன் நான். முன்பக்கம் எனக்கு."

"சீட்டுப் போட்டுப் பாத்துக்கிருவோம்ணே. ஆனா சரிபாதி."

"அண்ணாச்சி, இது தோட்டம் இல்ல. வாருக்குத்தான் எடம் வேணும்" என்றாள் ஜெனி.

"அது யாரு பங்கு?" என்றார் பிரேம்சிங்.

"யாரு பங்கும் இல்ல. ரெண்டு பேரு யாவாரமும் அதுலதான் ஓடும்."

"அப்பப் பொதுப்பாதை. பொதுப்பாதைக்கு எவன் எடம் விடுறான்? வண்டி திரும்புற அளவுக்கு விடு ஆத்தா, போதும்."

முறைப்படி சீட்டுக் குலுக்கி, முறைப்படி பிரித்தாள். அண்ணன் தன் பாதியில் மகள் கல்யாண வீடியோவைக் குடியேற்றினார். தம்பி ஒன்றுமே வைக்கவில்லை. தரிசாகக் கிடந்தாலும் தன் பேரில் கிடக்க வேண்டும்.

சீசன் உச்சத்தில், லோடு வாசலில் நிற்கும்போது, வார் நிரம்பி பில் நின்றுபோனது.

"சின்ன அண்ணாச்சி, ஒங்க பக்கம் சும்மாதான கெடக்கு. அதுல கொஞ்சம் எடுத்து வாருக்குக் குடுத்தா வெரசா முடிச்சிருவேன்."

"எம் பங்குல கை வச்சே, கோர்ட்டுக்குப் போயிருவேன்!"

"அவன் தரலைன்னா நான் மட்டும் எதுக்குத் தரணும்?" என்றார் அண்ணன்.

வாங்க வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார். அன்று சாயங்காலம், பல வருஷங்களுக்குப் பிறகு, சகோதரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிரிக்கத் தெரியாதவளை வைத்ததுதான் தப்பு என்று ஒரே குரலில் முடிவாயிற்று.

ஜெனி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். விஜயராஜ் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்:

"ஏம்மா, தம்பி பங்கு என்னோடதைவிட ரெண்டு விரக்கடை கூட இருக்கா? அதை மட்டும் அளந்து சொல்லிட்டுப் போயேன்."

"கூடத்தான் இருக்கு அண்ணாச்சி. நல்லாவே கூட" என்றாள் ஜெனி, அளந்து பார்க்காமலே.