நான் அனுப்பியது எனக்கே வந்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், இலங்கையில் நிவித்திகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் தந்தி அடித்துப் பழகியவன் என்பதால், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை தம்முடைய ரேடியோக் கருவியை என் பொறுப்பில் விட்டிருந்தார். பேக்டரி மாடியில் இருந்து நான் தட்டும் தந்தி, கம்பியே இல்லாமல் கடல் தாண்டிப் போகும்.

ஒருநாள் மாலை நாலு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. 'யாராவது இருக்கிறீர்களா?' என்று தட்டிவிட்டு, ஹெட்போனைக் காதில் வைத்துக் காத்திருந்தேன். பத்து எண்ணியிருப்பேன். அதே கேள்வி, மிக மெல்லியதாக, என்னிடமே வந்தது. கடைசி எழுத்தில் கை தவறி ஒரு புள்ளி கூடுதலாகத் தட்டியிருந்தேன். அந்தப் பிழையும் அப்படியே வந்தது. முதுகு சில்லிட்டது. மறுபடி தட்டினேன். மறுபடியும் வந்தது.

என் பயம் கோபமாக மாறியது. அந்தத் தோட்டத்தில் தந்தி தெரிந்த இன்னொருவர் பேக்டரி இஞ்சினை ஓட்டும் டிரைவர் மட்டும்தான். நானே கற்றுக்கொடுத்தது. கழித்துப் போட்ட சாமான்களைச் சேர்த்து அவர் ரகசியமாகக் கருவி செய்து என்னைக் கேலி பண்ணுகிறார் என்று துரையிடம் போய்ச் சொன்னேன். அனுமதியில்லாத கருவி என்றால் துரைக்கும் வம்பு. அவர் ஒரு வார்த்தை விசாரிக்காமல், டிரைவருக்குப் பத்துச்சீட்டு, அதாவது வேலைநீக்கச் சீட்டு, எழுதச் சொன்னார். மூன்று பிள்ளைகள் இருந்த வீடு அது. வேலையோடு அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவும் போய்விடும்.

மறுநாள் மாலை டிரைவர் மாடிக்கு வந்தார். "நான் உங்க பக்கத்துலயே நிக்கிறேங்க. இப்ப தட்டுங்க" என்றார்.

தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. இனி என்ன சொல்லப்போகிறாய் என்று அவரைப் பார்த்தேன். அவர் கைகட்டி அப்படியே நின்றார். மூன்றாம் முறை தட்டியதும், ஹெட்போனில் அது வந்துவிட்டது. ஒரு பக்கத்தைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

"ஐயா, இது உங்க கை தட்டுறதேதாங்க" என்றார் மெதுவாக. அவர் முகமும் வெளிறியிருந்தது. "அப்ப அந்தப் பக்கம் இருக்கிறது யாருங்க?"

சேற்றில் வழுக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடி, தப்பு என்னுடையது என்று துரையிடம் சொன்னேன். அவர் பத்துச்சீட்டைக் கிழித்த பிறகுதான் திரும்பினேன். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன்பின் தந்தி பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை.

அந்த ஒலியும் பிறகு வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு சஞ்சிகையில் படித்தேன். வானத்தில் வெகு உயரத்தில், வெயில் பட்டு மின்சாரம் ஏறிய காற்று அடுக்கடுக்காக இருக்கிறதாம். ரேடியோ அலைகள் அதில் பட்டுத்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் பூமிக்குத் திரும்புகின்றனவாம். ஆனால் எப்போதாவது பல நொடி தாமதமாகத் திரும்புவது ஏன் என்று படித்தவர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது.

என் தந்தி எங்கே போய்த் திரும்பியதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எனக்குப் புரியாத ஒன்றுக்காக எவ்வளவு சுலபமாக ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கினேன் என்பதை நினைக்கும்போதுதான் இப்போதும் அதிகம் பயமாக இருக்கிறது.