ஆறாவது பாட்டில்

எங்கள் ஊரில் முழுப் பூசணிக்காயைப் பெண்கள் வெட்டமாட்டார்கள். முதல் வெட்டு ஆண் கையால் விழ வேண்டும். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனபின் வீட்டில் ஆண் இல்லை. கொல்லையில் காய்த்ததெல்லாம் கட்டிலுக்கடியில் வரிசையாகக் கிடந்தது. பெருக்கும்போது அம்மா துடைப்பம் அவற்றின்மேல் படாமல் பார்த்துக்கொள்வாள், தூங்குகிறவர்களைச் சுற்றிப் பெருக்குவதுபோல.

நான் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். வங்கிப் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அந்தத் திமிரும் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசிய நைனா, "நம்ம வூட்டுப் பூசணிக்கா துன்னு எவ்ளோ நாளாச்சு" என்றார். லீவுக்கு வந்த அன்றே அரிவாளை எடுத்தேன்.

"பக்கத்து வூட்டு மாமா வரட்டும்டி."

"மாமாவுக்கு மட்டும் கையில சாமியா இருக்குது?"

அரிவாள் இறங்கியதும் காய் நீளமாக முனகிப் பிளந்தது. அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வேகவைத்து, மசித்து, ஆறு கண்ணாடி பாட்டில்களில் சூடாக நிரப்பினேன். தகர மூடியை இறுக்கி, இட்லிப் பானையில் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினேன். ஆற ஆற, மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்வாங்கின. அடுத்த மாதம் குவைத்துக்குத் திரும்பும் ஊர்க்காரர் ஒருவர் எடுத்துப்போவதாக ஏற்பாடு.

காலேஜ் திறந்த இரண்டாம் வாரம், வகுப்பில் கிருமிகளைப் பற்றிப் பாடம். பூசணி போன்ற புளிப்பில்லாத காய்களைக் காற்றுப் புகாமல் அடைத்தால், கொதிநீருக்குச் சாகாத ஒரு கிருமி உள்ளே விழித்துக்கொண்டு விஷம் உண்டாக்கும் என்றார் மேடம். வாசனை, நிறம், ருசி எதுவும் மாறாமல் போகலாம். தின்றவர்களுக்கு ஓரிரு நாளில், சில சமயம் தாமதமாக, கண் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது, மூச்சு நிற்கும்.

அந்த வகுப்போடு சித்தூர் பஸ் ஏறி, எங்கள் ஊரான புத்தலப்பட்டில் இறங்கினேன்.

அலமாரியில் ஐந்து பாட்டில்கள் இருந்தன. ஜன்னல் வெயிலில் பொன்னாக மின்னின. நான் விட்டுப்போனபோது இருந்ததைவிட அழகாக இருந்தன.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"நேத்து மத்தியானம் துன்னுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். வலது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எப்போதும் அப்படித்தானா? எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தை அத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"இன்னாடி, பொணத்தப் பாக்குற மாரி பாத்துக்கினு கீற?"

சொன்னேன். சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நான் அவள் இமையையே திரும்பத் திரும்பப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"நான் துன்னல."

"பொய் சொல்லாதம்மா."

"பொம்பள வெட்டுன காயி. உங்க நைனாவுக்கு ஒண்ணு ஆவறதுக்குப் பதில் எனக்கு ஆவட்டும்னு, துன்னு பாக்கத் தொறந்தேன். தொறந்தா உள்ளருந்து மூச்சு வுடுது. மூடி எருக்குழில பொதைச்சிட்டேன். படிச்ச புள்ள, மனசு நோவும்னு அப்டி சொன்னேன்."

இதில் எந்தப் பேச்சு பொய்? திரும்ப அழைத்துப் போய்த் தோண்டச் சொன்னேன். ஒரு முழ ஆழத்தில் பாட்டில் நேராக நின்றிருந்தது, கழுத்துவரை நிறைந்து, நிறம் மாறாமல். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாடோ நாயோ கிளறாத இடத்தில் இடுப்பளவு குழி வெட்டி, ஆறையும் திறக்காமல் புதைத்துக் கல்லேற்றினோம். மண்ணைத் தள்ளும்போது, கீழே ஒரு மூடி 'டிக்' என்றது. இருவரும் நிறுத்தினோம். பிறகு இரண்டு கையாலும் வேகமாகத் தள்ளினோம்.

நைனாவுக்கு வற்றல் போட்டு அனுப்புவதென்று முடிவாயிற்று. மெல்லிய துண்டுகள், உப்பு, ஒடித்தால் படக்கென்று முறியும்வரை வெயில். அடுத்த காயையும் நான்தான் வெட்டினேன். அம்மா இம்முறை வெளியே போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.