சிரிப்புக்கு விட்ட இடம்

வசனத்தைச் சொன்னதும் நேலிடா எச்சவெரி வாயை மூடிக்கொள்கிறார். மூன்று எண்ணும் நேரம். அந்த இடத்தில் சிரிப்பு எழும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். மொந்தெவிதேயோ நகரத்து நாடக மேடைகளில் அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் இருபத்தாறு வருடம் எழுந்திருக்கிறது.

"கட்!" என்கிறார் இயக்குநர் காஸ்தோன். அதே நாடகத்தைத்தான் இப்போது படமாக்குகிறார். வயது முப்பத்திரண்டு.

அறைகளை வாடகைக்கு விடும் விதவை வேடம் நேலிடாவுக்கு. குடிவருபவன், அறையில் ஜன்னல் உண்டா என்று கேட்பான். "ஜன்னல் இல்ல. ஆனா ஜன்னல் இருக்கிற அறைக்கு எதிர்லதான் இருக்கு. பெட்டிய வச்சிட்டு வாங்க." ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் அந்த மூன்று எண்ணிக்கை.

விளக்குக்காரர் வால்தேமார், மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு, ஏணியிலிருந்து குரல் கொடுத்தார். "தோன்யா, நாங்க மனசுக்குள்ள சிரிச்சாச்சு. நீங்க மிச்சத்தச் சொல்லுங்க."

"உன் மனசு எனக்குக் கேக்கல. வாயத் திறந்து சிரி."

நான் உடைகளைப் பார்த்துக்கொள்பவள். அதிகம் பேசமாட்டேன். அதனாலோ என்னவோ, நேலிடா என்னிடம் பேசுவார். மாத்தே தேநீர்க் குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழாயை உறிஞ்சாமலே உட்கார்ந்திருப்பார். கணுக்கால்கள் மாலைக்குள் வீங்கிவிடும். செருப்பின் வாரை நான்தான் தளர்த்திவிடுவேன். "சிரிக்கிறவங்க மேல வார்த்தையக் கொட்டக் கூடாது பொண்ணே. வீணாப் போயிடும்" என்றார் ஒருநாள். ஒலிப்பதிவு ஓடும்போது இங்கே யாரும் சிரிக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

மூன்றாம் நாள் காலை, பதினோராவது முறையும் நேலிடா அதே இடத்தில் நின்றுவிட்டார். காஸ்தோன் அருகே வந்து குந்தினார். கோபமில்லை. அவரும் இரவு தூங்கியவராகத் தெரியவில்லை.

"தோன்யா நேலிடா, மதியத்துக்குள்ள இது வரலைன்னா உங்களுக்குப் பதிலா தொலைக்காட்சித் தொடர்ல வர்ற அந்தம்மாவப் போடச் சொல்றாங்க, பணம் போடறவங்க. வாசல்ல கார்ல உக்காந்திருக்காங்க."

"எந்தம்மா? சோப்பு விளம்பரத்துல வருவாளே, அவளா?"

"அவங்கதான்."

"நல்லாத் துவைப்பா" என்றார் நேலிடா. யாரும் சிரிக்கவில்லை. சால்வையைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார். தோளில் நான் குண்டூசி குத்தும்போது, ஊசிகள் செருகிய பட்டை கட்டிய என் மணிக்கட்டை ஒருகணம் பற்றினார்.

பன்னிரண்டாவது முறை. ஜன்னல், எதிர் அறை, பெட்டி. மூச்சு விடாமல் ஒரே ஓட்டம்; வழக்கமாக நிற்கும் இடத்தில் வலது கை மட்டும் இறுக மூடியது. குரலும் தாழ்ந்திருந்தது; வாடகைக்கு விட்டு விட்டுச் சலித்துப்போன ஒருத்தியின் குரல். காஸ்தோன் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இதுதான்" என்றார். வால்தேமார் கை தட்டினார். நேலிடா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உடை மாற்றும் அறையில் சால்வையைக் கழற்றினேன். வலது கையை மூடியே வைத்திருந்தார். பிறகு விரித்தார். உள்ளங்கையில் என் குண்டூசி ஒன்று. பக்கத்தில் ரத்தம், கடுகளவு. ஊசியைத் தன் உள்பாவாடையில் துடைத்து, கூர்முனை என் பக்கம் வராமல் திருப்பி நீட்டினார்.

"இந்தா பொண்ணே. உன்னோடது."