கடைசிப் பெயர் கேட்காத பொதி

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலையில், முள்ளியவளையில் இருக்கும் என் கடையில் தொடங்கியது இந்தச் சண்டை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். சைக்கிள் டியூப் ஒட்டினேன், தண்ணீர்ப் பம்பு திருத்தினேன், பிறகு ஒரு கணினி வாங்கி, ஊராருக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் கடை போட்டேன். ஐம்பது தாண்டியபின் கைப்பேசியில் வீடியோ பார்த்தே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைப் படித்தேன். இந்தப் பக்கத்தில் என்னைப்போல் இன்னொருவர் இருந்தால் கூட்டிவந்து காட்டுங்கள்.

அன்று குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தார் ஒரு முஸ்லிம் அக்கா. இடம்பெயர்ந்து திரும்பிவந்து கருவாட்டு வியாபாரம் செய்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்கு நான்தான் அவருக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருந்தேன்.

"தம்பி, என்ர பேர் என்ன?" என்றார்.

சொன்னேன்.

"அப்ப ஏன் கொழும்பில என்ர வாப்பாவக் கூப்பிட்டவங்க? மவுத்தாப்போன மனுசன் எழும்பிப் போவாரோ? பொழுதுபடும்வரை கதிரையில குந்திட்டு வாறன்!"

விஷயம் இதுதான். அந்த விசா விண்ணப்பத் தளத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி இருந்தது. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோருக்கும் போடுவதுபோல் தகப்பன் பெயரைப் போட்டேன். கொழும்பு விசா அலுவலக மண்டபத்தில் அதையே கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எழும்பவில்லை, முறை போய்விட்டது.

"பிழை என்னிலை இல்லை அக்கா, அந்தப் பெட்டியிலை" என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

"அப்ப பெட்டியோட போய்ச் சண்டை பிடியுங்க!"

வேறு திகதி எடுத்துக் கொடுத்தேன். ஆனால், இம்முறை வாப்பாவின் பெயருக்கு எழும்புங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சண்டை பிடித்தேன். ஒருவர் எழுதி இணையத்தில் வைத்தால், உலகத்தில் எவரும் எடுத்துத் தன் தளத்தில் சொருகிக்கொள்ளக்கூடிய சின்ன நிரலைப் பொதி என்பார்கள். பெயர் கேட்பதற்கென்றே ஒரு பொதி எழுதினேன். எது கட்டாயம், எது விருப்பம் என்பதை டைப் என்ற நிரல் விதிகளைப் போட்டு இறுக்கினேன். தளம் செய்பவர் மீறினால், நிரல் எழுதும்போதே சிவப்புக் கோடு விழும். ஒரு பெயர் கட்டாயம். குடும்பப் பெயர் அவரவர் விருப்பம். முதல் தடவை அந்த டைப் கோப்பை உள்ளே வைக்காமலே வெளியிட்டுவிட்டேன், சீமெந்து இல்லாத சீமெந்துப் பை மாதிரி. அடுத்த நாளே திருத்திய பதிப்பை ஏற்றினேன்.

சில வாரத்தில் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று எழுதியது: குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினால் தங்கள் தளங்கள் எல்லாவற்றிலும் என் பொதியைச் சேர்ப்பார்களாம்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரே? ஒரு வரியைத்தானே மாத்தச் சொல்லுறாங்கள்" என்றாள் மகள்.

"அந்த ஒரு வரிக்காகத்தான் பிள்ளை, இதை எழுதினனான்."

முடியாது என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு ஒரு சொல் போதும். அதை எழுதினேன். அவர்கள் போய்விட்டார்கள். பிறகு மாதக்கணக்காக என் பொதியைத் தொட ஆளில்லை, மகளின் சிரிப்புத்தான் மிச்சம்.

அப்புறம் வவுனியா இளைஞர்கள் சிலர் தனியார் பஸ்களுக்கு ஆசனம் பதியும் தளம் ஒன்று தொடங்கி, என் பொதியை அதில் போட்டார்கள். விசா கிடைத்து விமானம் ஏறப் புறப்பட்ட அக்காவுக்கு அதில்தான் ஆசனம் பதிந்தேன். வேலையை விட்டுவிட்டுப் பஸ் நிலையத்துக்கும் போனேன். நடத்துனர் கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அவர் பெயரை மட்டும்.

"இஞ்ச இருக்கிறன், கத்தாதீங்க!" என்று எழும்பினார் அக்கா. ஏறி, யன்னலால் என்னைப் பார்த்தார். "பெட்டிய வெண்டிட்டீங்க போல!"

"ஒண்டைத்தான் அக்கா. மிச்சம் கிடக்கு."

அந்தக் கொம்பனியின் தளங்களில் பெட்டி இன்னும் அப்படியே இருக்கிறதாம். இருக்கட்டும். என் பொதிக்குள் அந்தக் கட்டாயம் ஒருநாளும் வராது. தன் பெயரைக் கேட்டு ஒரு மனுஷி எழும்பியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.