தாணுலிங்கத்தின் மஞ்சள் அட்டை

தாணுலிங்கம் அண்ணாச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நல்ல மனுஷன்தான். அந்த நல்லதனம்தான் எரிச்சல்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்கள் ஆபீஸ். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற முந்திரிக்கொட்டை மூட்டைகளைக் கஸ்டம்ஸில் காட்டி வெளியே எடுத்துக் கொடுப்பது தொழில். அண்ணாச்சிக்கு இங்கே இருபத்தெட்டு வருஷம். பக்கத்து மேஜையில் எனக்கு ஒன்பது. ஒரு காகிதம் குறைந்தால் கண்டெய்னர் வெயிலில் கிடக்கும் என்பதால், எதையும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி, ஃபைலில் போட்ட பிறகுதான் அடுத்த வேலைக்குப் போவார்.

போன வருஷம் எங்கள் முதலாளி மகாராஜனுக்கு ஓர் ஆசை வந்தது. கென்யாவில் மாசாய் மாரா புல்வெளியில் கூடாரத்தில் தங்கி சிங்கம் பார்க்கவேண்டும். சொந்தக்காரர் யாரோ போய்வந்து போட்டோ போட்டுவிட்டாராம், பொறுக்கவில்லை. ஆறு பேர் உட்காரும் ஜீப், மூன்று கூடாரம், ஆகஸ்ட் மாதம். குடும்பத்தில் ஐந்து பேர். ஏற்பாடெல்லாம் அண்ணாச்சி தலையில்.

"ஒரு எடம் சும்மாதான கெடக்கு. நீரும் வாரும் வே" என்றார் முதலாளி.

அன்றைக்கு அண்ணாச்சி டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "கால்ல சங்கிலி இல்லாத யானைய ஒருவாட்டி பாத்துரணும் ஏளா" என்றார் என்னிடம். "கூட்டமா, குட்டியோட." வாழ்நாளெல்லாம் கப்பல் சரக்கோடு மல்லுக்கட்டியவர் கடல் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டை ஒருமுறை புதுப்பித்தும் ஆயிற்று, உள்ளே ஒரு முத்திரை இல்லை. கென்யா போக வேண்டுமென்று மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, ஊசிக்குச் சான்றாகத் தந்த மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினார்.

முதலாளியின் கேள்விகள் தினமும் வந்தன. கூடாரத்து வாசல் தெற்கே பார்க்கிறதாமே, கிழக்கே திருப்பிக் கட்டுவார்களா? சிங்கம் கண்ணில் படாவிட்டால், முந்திரியில் சொத்தை கழிப்பதுபோல் காசில் கழிக்கலாமா? கேட்டுக்கொண்டே பல்லைக் குத்தி, குத்தியதை அண்ணாச்சியின் மேஜை ஓரத்தில் தேய்ப்பார். அண்ணாச்சி துணியை எடுத்துத் துடைத்துவிட்டு அந்தக் கூடார முகாமுக்கு மெயில் அனுப்ப உட்காருவார்.

பிறகு முதலாளியின் வீட்டம்மா ஒன்று சொன்னார். காசிக்குப் போனாலும் குற்றாலத்துக்குப் போனாலும் அந்தக் குடும்பம் சமையலுக்கு ஆள் கூட்டிக்கொண்டுதான் போகும். காட்டுக்கு ஆள் இல்லாமல் எப்படி?

"ஆயுத பூஜைக்கு நீர்தான வே பொங்குவீரு? அங்கயும் நீரே பொங்கிப் போடும்" என்றார் முதலாளி. "நாங்க ஜீப்புல போய்ட்டு வாரதுக்குள்ள சோறு ஆயிரணும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணாச்சியோ, "நாய் வேஷம் போட்டா கொலைச்சுத்தான் ஆவணும் ஏளா. ஒருநாளாவது ஜீப்புல ஏத்தாமலா இருப்பாக?" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பழக்கம் விடுமா? ஸ்டவ் கொண்டுவந்து சமைக்கலாமா என்று, யாரும் கேட்காமலே, முகாமுக்கு எழுதிக் கேட்டுவிட்டார். மறுநாள் பதில் வந்தது. விருந்தாளிகள் அடுப்பு மூட்டக்கூடாது. சாப்பாட்டு வாசனைக்குக் குரங்கும் கழுதைப்புலியும் கூடாரத்துக்குள் வந்துவிடும். சைவச் சாப்பாடு நாங்களே செய்து தருகிறோம்.

"இதக் காட்டாதீங்க அண்ணாச்சி" என்றேன். "அங்க போய் எறங்குனப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

"எழுத்துல வந்தத மறைக்கவா? இருபத்தெட்டு வருசத்துல ஒரு காயிதத்த மறைச்சதில்ல" என்று பிரிண்ட் எடுத்தார்.

முதலாளி படித்தார். "அப்பொ நீரு எதுக்கு? எம் மச்சினன் வரட்டும்" என்றார். அண்ணாச்சி நகரவில்லை. அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "என்ன வே, யானைதான பாக்கணும்? திருச்செந்தூர் கோயில்ல நிக்குல்லா. ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வாரும்."

சொல்லிவிட்டு முதலாளி தன் மேஜையில் இருந்த மக்ரூன் மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். நானும் ஒன்று எடுத்தேன், தின்றேன். அந்த இனிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் அருவருப்பு.

அண்ணாச்சி தன் இடத்துக்கு வந்து, முகாமுக்குப் போகும் பட்டியலில் தன் பெயரை அழித்து மச்சினன் பெயரை டைப் அடித்து, எழுத்து சரிதானா என்று இரண்டு முறை பார்த்து அனுப்பினார்.

அவர்கள் போய்விட்டு வந்து பத்து மாதம் ஆகிறது. யானை பார்த்தார்களா என்று அண்ணாச்சி கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போன வாரம் அவர் மேஜை டிராயரில் நான் பசை தேடியபோது அந்த மஞ்சள் அட்டை கிடந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு.

"இன்னும் எதுக்கு இது? கிழிச்சுப் போடுங்க" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

என் கையிலிருந்து வாங்கி, உறையைத் துடைத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

"ஆயுசுக்கும் செல்லும்னு எழுத்துல போட்டிருக்கான் ஏளா" என்றார்.