கார் முழுக்கப் பொட்டு

என் மாமாவுக்கு மூக்கு நுனியில் கோபம். முப்பது வயதாகியும் பெண் அமையாததற்கு ஊரார் ஜாதகத்தைக் குறை சொன்னார்கள். பாவம், ஜாதகத்துக்கு வாய் இல்லை. கடைசியில் சேலத்தில் ஒரு பழைய காரை வாங்கினார். கார் வந்த வேளை, ராசிபுரத்திலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. விஜயதசமியன்று காரிலேயே பெண் பார்க்க வருவதாகத் தரகரிடம் பெருமையாகச் சொல்லி அனுப்பினார்.

முந்தின நாள் ஆயுத பூஜைக்கு அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாபேட்டைக்காரரான டிரைவர், எஞ்சின் மூடிகளையெல்லாம் திறந்து துடைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஏர், அரிவாள், உலக்கைக்கெல்லாம் அம்மா பொட்டு வைத்தார். கார் என் பொறுப்பு. எனக்கு ஏழு வயது. ஒரு சாமானும் விட்டுப்போகக் கூடாது, சாமி கோபித்துக்கொள்ளும் என்றார் அம்மா. கை நுழைந்த இடமெல்லாம் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். திரும்பி வந்த டிரைவர் அந்திக் கருக்கலில் மூடிகளைப் போட்டார். பூஜை போட்ட சாமானை அன்று தொடக் கூடாது என்பதால் யாரும் காரை ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். மாமா ஒன்பதுக்கே பட்டு அங்கவஸ்திரத்தோடு ஏறி உட்கார்ந்தார். டிரைவர் காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். கார் இருமக்கூட இல்லை. பெட்ரோல் இருந்தது. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒயரின் நுனியை இரும்பருகே பிடித்துக்கொண்டு வேறொருவரைச் சுற்றச் சொன்னார், தீப்பொறி வரவில்லை. திருஷ்டி என்று யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். காரைத் தள்ள வந்த இருவர் அதில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். பத்தரைக்குள் வண்டி நகராவிட்டால் டிரைவர் அம்மாபேட்டைக்கு நடையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டு, மாமா ஒரு புளிய விளாரை ஒடித்து வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது, மாமாவை நினைத்து.

கடைசியாக டிரைவர், ஒயர்கள் கிளம்பும் வட்ட டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலக வேண்டிய இரண்டு சிறு முனைகள். இரண்டுக்கும் நடுவில் என் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. மின்சாரம் எப்படிப் போகும்? அவர் என் மஞ்சள் விரல்களைப் பார்த்தார்.

"இதுக்கும் வச்சியா, சாமி?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க. ஒண்ணையும் உடலீங்க."

அவர் மாமாவின் கையிலிருந்த விளாரை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேட்டி முனையால் பொட்டைத் துடைத்தெடுத்தார். சாமிக்கு வைத்ததை அழிக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒரே சுற்றில் கார் கிளம்பியது. என்னதான் கோளாறு என்று மாமா உறுமினார்.

"என் தப்புங்க. நேத்து மூடியச் சரியா மூடாம உட்டுட்டேன், ஈரம் ஏறிருச்சுங்க," என்றார் டிரைவர்.

நல்ல நேரத்தில் கிளம்பினோம், பெண்ணும் அமைந்தது. ஆனால் ராசிபுரம் போய்ச் சேரும்வரை மாமா அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். பொட்டை அழித்தவருக்கு இது போதாது என்று, பின்சீட்டில் அம்மா மடியில் சாய்ந்துகொண்டு நான் மனம் குளிரக் கேட்டுக்கொண்டே போனேன்.