அப்பா கீறின நோர்மண்டி

மகளுக்குப் பள்ளிக்கூடத்திலை ஃபோர்ட்ராக். அதுதான், வகுப்புக்கு முன்னாலை நிண்டு பேசிற வேலை. தலைப்பு இரண்டாம் உலகப்போர். லப்டொப்பிலை நோர்மண்டிக் கரையைக் காட்டி, "அப்பா, உங்களுக்கு இதைப்பற்றித் தெரியுமோ?" எண்டாள்.

"தெரியுமோவோ? நோர்மண்டியிலை தோத்த ஆள் நான்," எண்டன். இந்தாள் திருந்தாது எண்டமாதிரி ஒரு பார்வை பாத்தாள்.

எனக்கு அப்ப பதினொரு வயது. வெளிநாடு வந்து, டீட்டிகோன் எண்ட ரவுணிலை ஒரு அறை வீடு, அப்பாவும் நானும். அம்மா ஊரிலை, வடக்குக் கரையிலை உள்ள எங்கடை வீட்டிலை. விசா வரும், வரும் எண்டு அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ரேடியோவிலை ஊர்ச் சண்டைச் செய்தி போகேக்கை மட்டும் நான் மூச்சுக்கூட விடக்கூடாது. ஊரிலை அப்பா நில அளவைக் கந்தோரிலை படம் கீறினவர். இஞ்சை லுசேர்ணிலை ஒரு ஹோட்டல் குசினியிலை சட்டி கழுவினார்.

ரீச்சர் போரின்ரை திருப்புமுனையளைப் பிரிச்சுக் குடுத்தா. ஸ்டாலின்கிராட்டைக் கெட்டிக்காரர் எடுத்திட்டினம். மிட்வேயைக் கப்பல் பைத்தியம் ஒண்டு கொண்டு போட்டுது. எனக்கு மிஞ்சினது நோர்மண்டி. பெரிய மட்டையிலை வரைபடம் வேணும். விடிஞ்சாப் பேச்சு, புத்தகத்தை நான் வகுப்பிலை விட்டிட்டு வந்திட்டன். மறதியிலை எனக்கு அப்பவே நல்ல திறமை.

அண்டைக்கு அப்பாவுக்கு லீவு. "அந்த இடம் எப்பிடியடா இருக்கும்?" எண்டு கேட்டார்.

"வடக்குப் பக்கம் கடல் அப்பா. அங்காலையிருந்து ஆக்கள் வந்து இறங்கினவை. அதோடை சண்டை திரும்பிட்டுது."

"வடக்கிலை கடலோ?"

பென்சிலைக் கூராக்கினார். ஒண்டையும் பாக்கேல்லை. ஒரே இழுவை. கல்லுக்கரை, வெளிச்சவீடு, கரையோடை ஒரு றோட்டு, றோட்டு வளையிற இடத்திலை ஒரு சின்னச் சதுரம்.

நான் சிவப்புப் பேனையோடை போருக்கு இறங்கினன். கப்பல், பீரங்கி, பிளேன். கீறின இடமெல்லாம் குண்டு. சதுரத்துக்கு மேலை பிளேன் வரேக்கை அப்பா என்ரை கையைப் பிடிச்சிட்டார்.

"அங்கை போடாதை."

"சண்டையெண்டா எல்லா இடமும் விழுமப்பா."

"விழும். இதிலை போடாதை."

உள்ளங்கையாலை சதுரத்தை மூடினவர், நான் கடலுக்கு நீலம் அடிச்சு முடியுமட்டும் எடுக்கேல்லை. பிறகு கேட்டார், "இறங்கினாப் பிறகு சண்டை முடிய எவ்வளவு காலம் எடுத்தது?"

"பதினொரு மாசம்."

"திரும்பினாப் பிறகும் பதினொரு மாசமோ?" எண்டார், ஏதோ நான்தான் அதை இழுத்தடிச்ச மாதிரி.

காலமை ரீச்சர் படத்தைக் கன நேரம் பாத்தா. "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது நோர்மண்டி இல்லையே," எண்டிட்டுச் சதுரத்தைத் தொட்டா. "இது என்ன?"

"ஜெர்மன்காரற்றை தலைமையகம்," எண்டு பொய் சுத்தினன்.

"அப்ப ஏன் அதிலை மட்டும் குண்டு விழேல்லை?"

"அப்பா விடேல்லை."

முழு வகுப்பும் விழுந்து விழுந்து சிரிச்சுது. என்ரை முதல் பகிடி அதுதான். பகிடியெண்டு எனக்கு மட்டும் தெரியாது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டை வந்து அப்பாவிலை பாஞ்சன். "உங்களாலை என்ரை மானம் போட்டுது! படத்தைக் குப்பையிலை எறிஞ்சிட்டன்!"

வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிந்து பாத்தார். ஏசப்போறார் எண்டு நிண்டன்.

"எந்தக் குப்பைத்தொட்டி?"

"பள்ளிக்கூட வாசல்லை இருக்கிறது."

ஒருநாளும் பிந்தாத மனிசன் அண்டைக்கு லுசேர்ண் ரெயிலை விட்டார். மட்டை வாழைப்பழத் தோல் கறையோடை வந்து அலுமாரிக் கதவின்ரை உள்பக்கத்திலை ஒட்டுப்பட்டுது.

அம்மா வர ஒண்டரை வருசம் எடுத்தது. நோர்மண்டிக்காரர் எங்களைவிட வேகம். வந்த அண்டைக்கு, கோட்டைக் கொழுவ அலுமாரியைத் திறந்தவ படத்தைக் கண்டிட்டா. விரலாலை றோட்டைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சதுரத்திலை நிப்பாட்டினா.

"கிணத்தை விட்டிட்டியள்," எண்டா.

அப்பா பென்சில் தேடி எடுத்து ஒரு வட்டம் போட்டார்.

"அதிலை இல்லை. வேலிப் பக்கம்."

அழிச்சுத் திருப்பிப் போட்டார்.

"அமெரிக்கன் என்ன, நோர்மண்டிக்குத் தண்ணி அள்ளவே வந்தவன்?" எண்டு கேட்டு நான் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சன்.

ரெண்டு பேரும் சிரிக்கேல்லை. நல்ல பகிடியொண்டு வீணாப் போட்டுதெண்டு அண்டைக்கு எனக்குப் பெரிய கவலை.